தோட்டுக் கொளுக்கியும் தண்டவாளத் துண்டும்

போன வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி கோயில் பொங்கலுக்கு 60 சோடி பனையோலைத் தோடு கொண்டுபோனேன். 42 சோடி விற்றது. ஒரு கிழமைக்குள் மூன்று சோடி திரும்பி வந்தது. மூன்றிலும் ஓலை அப்படியே புதுசாக இருந்தது, பிழை கொளுக்கியில். ஒன்று நிமிர்ந்து காதிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. மற்ற இரண்டையும் கொண்டுவந்தது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தாயும் மகளும். இரண்டு பேருக்கும் காதுத் துளை சிவந்து, நீர் வடிந்து, பொருக்குக் கட்டியிருந்தது. "ஓலையில ஏதும் சாயம் போட்டனியோ பிள்ளை?" என்று தாய் கேட்டபோது எனக்கு முகம் கறுத்துப்போனது. சாயம் போடவில்லை. ஆனால் அந்தக் கொளுக்கி என்ன உலோகம் என்று எனக்கே தெரியாது. கொழும்பில் ஒரு கடையில் 100 சோடிப் பக்கற்றாக வாங்கியது. பொன்னிறமாக மினுங்கியது, அவ்வளவுதான் தெரியும்.

அப்படி மினுங்குகிற மலிவுக் கொளுக்கிகளில் பலவற்றில் பொன்பூச்சுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். நிக்கல் ஒத்துவராத காதுக்கு அது போதும். ஜேர்மனியில் இருக்கும் மச்சாளிடம் சொன்னேன். ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறதாம்: உடம்பில் குத்திய துளையில் போடும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியே வரக்கூடாது. "உன்ர தோட்டை இஞ்ச எடுப்பிச்சு விக்கலாமெண்டு இருந்தனான். நல்லகாலம், எடுக்கேல்லை" என்றாள். சரி, இனிக் கொளுக்கியை நானே வளைப்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். கொளுக்கி என்று தொடங்கினால் அதோடு வளையம், மணி கோர்க்கும் ஊசி, மாலைக்குப் பூட்டு என்று சில்லறைச் சாமான் எல்லாம் பின்னால் வந்துவிடும். வந்தது.

முதல் செய்த வேலை பிழையான வேலை. இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். எட்டுக் குறடு, ரோசா நிறப் பிடி, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல அழகு. மூன்று கிழமை கழித்து ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர்ந்தது. வட்ட மூக்குக் குறட்டை எடுத்து மூடி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இரண்டு மூக்கும் அடியில் முட்டின. நுனியில் ஒரு நூல் போகிற அளவுக்கு இடைவெளி. ஒரு மூக்கு மற்றதைவிட மொத்தம். பிடியை ஆட்டினால் நடு ஆணி கிளுகிளுத்தது. அதில் வளைத்த வளையங்களில் பாதி முட்டை, பாதி மாங்கொட்டை. எட்டில் இன்றைக்கும் நான் பாவிப்பது தட்டை மூக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் தம்பியின் சைக்கிள் பெட்டிக்குள் போய்விட்டது. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல குறடு வாங்கியிருக்கலாம். ஆகவே யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது: பெட்டியாக வாங்காதேங்கோ. ஒவ்வொன்றாக, கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கோ.

பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நுனி முட்டவேண்டும். பிடியைப் பக்கவாட்டில் அசைத்தால் நடுமூட்டு ஆடக்கூடாது. அப்புறம், வாயின் உட்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். வழுவழு என்று இருக்கவேண்டும். ஹாட்வெயார் கடையில் நோஸ் பிளையர் என்று தருவது கரண்ட் வேலைக்குச் செய்தது. வழுக்காமல் இருக்க உள்ளே பல்லு வெட்டியிருப்பார்கள். செம்பு மெத்தென்ற உலோகம். அந்தப் பல்லால் ஒருமுறை பிடித்தால் எலி கடித்த தேங்காய்ச் சொட்டு மாதிரித் தடம் விழும். அரத்தால் அதைத் தேய்த்து எடுக்கப் போனால் கம்பி மெலியும். கையில் அந்தக் குறடுதான் இருக்கிறது என்றால், வாய்க்கு மாஸ்கிங் ரேப் இரண்டு சுற்றுச் சுற்றி வேலை செய்யலாம். நான் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தேன். ரேப் பசை கம்பியில் ஒட்டும், அது ஒரு அரியண்டம். பிறகு பல்லையே அரத்தாலும் சாண்ட் பேப்பராலும் தேய்த்து மட்டமாக்கிவிட்டேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இப்போது நான் கூடுதலாக எடுப்பது அந்தக் குறட்டைத்தான்.

வட்ட மூக்கு கூம்பு மாதிரி, நுனியில் மெல்லிசு, அடியில் மொத்தம். எந்த இடத்தில் கம்பியைப் பிடிக்கிறோமோ அந்த அளவில்தான் வளையம் வரும். வலது தோட்டுக்கு நுனியிலும் இடது தோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேயும் பிடித்தால் ஒரு தோடு மற்றதைவிடப் பதிந்து தொங்கும். போட்டவள் கண்ணாடியில் தலையைச் சரித்துச் சரித்துப் பார்ப்பாள். மார்க்கர் பேனையால் மூக்கில் ஒரு கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது. கோடு அழிய அழிய மறுபடி போடவேண்டும்.

இனிக் கட்டர். காசு போடுவதானால் இதில் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் பெரிய காசு தேவையில்லை. மாங்குளத்தில் போன் திருத்துகிற கடைத் தம்பி மேசையில் ஒரு சின்னக் கட்டர் வைத்திருந்தான். ஈயம் பற்றிய சின்னப் பாகங்களின் கம்பிக் கால்களை நறுக்குவதற்கு. அதைத் திருப்பிப் பார்த்தேன். வாயின் ஒரு பக்கம் பள்ளமாக, மறுபக்கம் பலகை மாதிரித் தட்டையாக. வீட்டில் கரண்ட்காரர் பாவிக்கும் கட்டர் இரண்டு பக்கமும் சரிந்து வெட்டும். கம்பியின் இரண்டு முனையும் வீட்டுக் கூரை போல் கூராக நிற்கும். இந்தச் சின்னக் கட்டரில் தட்டைப் பக்கத்தை எந்தப் பக்கம் வைக்கிறோமோ அந்த முனை மட்டமாக வரும். காதுக் கொளுக்கிக்கும் வளையத்துக்கும் அந்த மட்டம் இல்லாமல் முடியாது. "இதெங்க வாங்கினனீர் தம்பி?" என்றேன். "கிளிநொச்சியில இருக்கக்கா, நாளைக்குப் போறன், ஒண்டு எடுத்து வரட்டோ?" என்றான். வந்தது. வெட்டின சத்தமே வேறு. கடுக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் என் தம்பி அதை எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு முள்ளுக்கம்பி வெட்டினான்.

மெல்லிய கட்டர் வாய்க்கு உருக்குக் கம்பி எமன். முள்ளுக்கம்பி, கிற்றார்க் கம்பி, சுருட்டிவிட்டாலும் பழைய உருவத்துக்கே திரும்புகிற வளையல் கம்பி, எதையும் காட்டக்கூடாது. இது செம்பு, பித்தளை, வெள்ளி என்று மெத்தென்றவற்றுக்கு, அதுவும் ஒரு மில்லிமீற்றர் மொத்தம் வரைக்கும்தான். தம்பி திருப்பித் தந்தபோது வாயின் நடுவில் எள்ளுப் போல ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பட்ட கம்பி ஒவ்வொன்றிலும் ஒரு முள் நின்றது. இரண்டாவது கட்டரின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன். சிவப்பு நூல் சாமானை எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சட்டம். தம்பி அதைப் பார்க்கும்போதெல்லாம் கோயில் காப்புக்குக் கும்பிடுவது போலக் கும்பிட்டுவிட்டுப் போகிறான்.

கம்பிக்கு நான் கொழும்புக்குப் போகவில்லை. எங்கள் பக்கம் தோட்டக்கிணறு இருக்கும் இடமெல்லாம் தண்ணிப் பம்பு. பம்பு ஓடும் ஊரில் எப்படியும் மோட்டர் சுற்றுகிற கடை ஒன்று இருக்கும். அங்கே செப்புக் கம்பி நிறுத்துத் தருவார்கள். ஆனால் இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன். காணொளிகளில் அமெரிக்கப் பெண்கள் காதுக் கொளுக்கிக்கு 20 கேஜ் என்று சொல்கிறார்கள். கேஜ் என்பது கம்பியின் மொத்தத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். நானும் போய் 20 கேஜ் கேட்டு வாங்கினேன். வளைத்துப் போட்டால் காதுக்குள் போக மறுக்கிறது. என் காது தூர்ந்துபோயிற்றோ என்று கண்ணாடியில் பார்த்தேன். அவர்களுடைய 20 கேஜ் 0.81 மில்லிமீற்றர். எங்கள் கடையில் பழக்கத்தில் இருப்பது பிரித்தானியக் கேஜ். அதில் 20 என்றால் 0.91. பார்வைக்கு ஒன்றுதான், காதுத் துளைக்குத் தெரியும். அமெரிக்கக்காரர் சொல்கிற 20 வேண்டுமென்றால் இங்கே 21 கேட்கவேண்டும். மெல்லிசுக் காதுக்கு 22, அது 0.71.

அளவு பார்க்க வேர்னியர் வாங்கத் தேவையில்லை. பென்சிலில் கம்பியை 20 சுற்று, இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தால் சுருளின் நீளத்தை அளந்து 20ஆல் பிரித்தால் கம்பியின் மொத்தம் வந்துவிடும். 20 கேஜ் என்றால் 18 மில்லிமீற்றரைத் தாண்டும், 21 என்றால் 16ஐக் கொஞ்சம் தாண்டும். மோட்டர்க் கம்பியில் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கிறது, அதையும் கவனியுங்கள். சில பேர் நெருப்பில் காட்டி எரிக்கிறார்கள். அந்தப் புகை நல்லதில்லை. நான் பிளேட்டால் சுரண்டிவிட்டு சாண்ட் பேப்பரால் இழுக்கிறேன்.

வளையத்துக்கு அதைவிட மலிவான வழி இருக்கிறது. வீட்டுக்கு கரண்ட் இழுத்தபோது மிஞ்சின வயர்த் துண்டுகள் எல்லா வீட்டிலும் ஒரு மூலையில் கிடக்கும். பிளக் பொயின்ற்றுக்கு இழுக்கும் 7/0.67 வயரின் பெயரிலேயே அளவு இருக்கிறது: உள்ளே ஏழு கம்பி, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர். லைற்றுக்கு இழுக்கும் 1/1.13இல் ஒரே கம்பி, 1.13. முதலாவது வளையத்துக்கும் மணி கோர்க்கும் ஊசிக்கும், இரண்டாவது மாலைப் பூட்டுக்கு. மேல்தோலை உரித்து, முறுக்குப் பிரித்து, ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் கட்டி, பழைய துணியால் இறுக்கிப் பிடித்து மூன்று நான்கு முறை இழுத்தால் நூல் பிடித்தது போல நேராகும். அதைச் சைக்கிள் கம்பியில் சுற்றவேண்டும். சில்லுக்குப் போடும் கம்பிதான். வழக்கமானது இரண்டு மில்லிமீற்றர் மொத்தம், உருக்கு, வளையாது, வழுவழு என்றிருக்கும். இதைவிட நல்ல உருளை எந்தக் கடையிலும் விற்பதாக நான் காணவில்லை. ஒரு சென்ரிமீற்றர் சுருளில் 15 வளையம் கிடைக்கும். பெரிய வளையத்துக்குப் பின்னல் ஊசி, கொளுக்கியின் மேல் வளைவுக்கு மார்க்கர் பேனை.

சுருளை வெட்டும்போது ஒரு சோலி இருக்கிறது. கட்டர் ஒரு முனையைத்தான் மட்டமாக விடும். ஆகவே ஒரு வெட்டு, கட்டரைத் திருப்பி அந்தக் கூர் முனையை இன்னொரு நறுக்கு, பிறகு அடுத்த வளையம். சோம்பலில் திருப்பாமல் வெட்டினால் வளையம் மூடாது, அந்த இடுக்கில் தலைமயிர் சிக்கும். வளையத்தைத் திறப்பதற்கு இரண்டு குறடு வேண்டும், ஒரு கை முன்னுக்கும் மறு கை பின்னுக்குமாகக் கதவு திறப்பது போல. இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும். ஒரு குறட்டோடு தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இனித் தண்டவாளம். செம்புக் கொளுக்கி வளைத்தவுடன் மெத்தென்று இருக்கும், தலையணையில் அழுந்தினாலே நிமிர்ந்துவிடும். வளைவைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உலோகம் இறுகும், கொஞ்சம் அகட்டி விட்டால் தானாகத் திரும்பி வரும். தட்டுவதற்கு அடியில் மட்டமான உருக்கு வேண்டும். நகைச் செய்முறை சொல்பவர்கள் அதற்கென்று உருக்குக் கட்டை ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் மாமா வீட்டுக் கிணற்றடியில் ஒரு சாண் நீளத் தண்டவாளம் கிடந்தது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குப் போயின என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் மறுபடி வந்தது, புதுத் தண்டவாளத்தில். பழையதில் ஒரு துண்டு மாமாவின் பங்கரிலிருந்து கிணற்றடிக்கு வந்து, வளைந்த ஆணி நிமிர்த்தவும் மாமி சீலை துவைக்கும் கல் ஆடாமல் முட்டுக்கொடுக்கவும் உதவிக்கொண்டிருந்தது. கேட்டேன். "தூக்கக் கூடியவள் எண்டால் கொண்டுபோ" என்றார். இடுப்பில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். மேற்பக்கத்துத் துருவை அரத்தால் எடுத்து, சாண்ட் பேப்பரில் கரடிலிருந்து மெல்லிசுக்குப் போய், கடைசியில் வாகனப் பெயின்ற் கடையில் விற்கும் வோட்டர் பேப்பரால் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். நான்கு நாள். அவ்வளவு தேவைதான்: அடியில் ஒரு புள்ளி இருந்தால் அது அப்படியே கம்பியில் பதியும். சுத்தியல் முகத்துக்கும் இதே கணக்கு. ஆணி அடிக்கிற சுத்தியலை இதற்கு எடுக்காதேங்கோ.

இரண்டு தோடும் ஒரே மாதிரி வர ஒரு பலகையும் செய்தேன். முதிரைப் பலகைத் துண்டில் மூன்று ஆணி, தலை வெட்டியது. முதிரை என்றால் ஆணி லேசில் இறங்காது, துளையிட்டு இறக்கவேண்டும். ஆனால் இறங்கின ஆணி அசையாது. ஐந்து சென்ரிமீற்றர் கம்பியை ஆணிகளைச் சுற்றி வளைத்தால் ஒவ்வொன்றும் அச்சு மாதிரி வரும்.

இவ்வளவும் ஆன பிறகு பெருமையாக ஒரு சோடியைக் கொண்டுபோய் முள்ளியவளைப் பக்கம் இருக்கும், நகை வேலை செய்யும் பத்தர் ஐயாவிடம் காட்டினேன். கடை இல்லை, வீட்டு விறாந்தையில் திருத்த வேலை மட்டும் செய்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தார். "வளைவு சரி. நுனியைப் பார். இது தோடில்லைப் பிள்ளை, காது குத்துற சாமான்."

மட்டமாக வெட்டின முனை கண்ணுக்கு மட்டம், அதன் விளிம்பு கத்தி. போடும்போதெல்லாம் துளையின் உள்தோலைச் சுரண்டும். அந்தப் புண்ணில்தான் நிக்கலோ அழுக்கோ ஏறுவது. போன வருடத் தாய்க்கும் மகளுக்கும் அதுவும் சேர்ந்துதான் நடந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. நுனியை உருட்டுவதற்கு உள்ளே கிண்ணம் மாதிரிக் குழிந்த ஒரு சின்ன அரம் இருக்கிறது, சுற்றினால் முனை மணி போலாகும். ஐயா அதை எடுக்கவில்லை. மரக்கட்டையில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. கம்பியை அதில் கிடத்தி, இடது கையால் உருட்டிக்கொண்டே வலது கையால் மெல்லிய அரத்தை முன்னுக்கு மட்டும் தள்ளினார். பின்னுக்கு இழுக்கவில்லை. எட்டுத் தள்ளு, பிறகு வோட்டர் பேப்பரை மடித்து நுனியைக் கிள்ளினது போலப் பிடித்துத் திருகினார். கடைசியில் மனைவியின் பழைய நைலெக்ஸ் சீலைத் துண்டில் நுனியை இழுத்தார். சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. என்னுடைய மற்றக் கொளுக்கியை அதே சீலையில் இழுத்தார், ஒரு நூல் கிளம்பியது. நைலெக்ஸ் துண்டு இப்போது என் பெட்டியிலும் இருக்கிறது. ஒவ்வொரு நுனியும் அதில் ஓடிப் பார்த்துத்தான் வெளியே போகும்.

செம்பு வியர்வைக்குப் பச்சை பிடிக்கும் என்பதால் காதுக்குள் போகிற கம்பியை இப்போது வெள்ளிக்கு மாற்றிவிட்டேன். 92.5 வெள்ளி, மிச்சம் செம்பு, நிக்கல் கலவாதது. ஒரு சோடிக்கு அரைக் கிராம் அளவில் போகும். பழகுவதற்குச் செம்பு, விற்பதற்கு வெள்ளி. வெள்ளியை ஐயாவே கம்பியச்சில் இழுத்துத் தருகிறார். உருக்குத் தகட்டில் வரிசையாகத் துளைகள், ஒன்றைவிட ஒன்று சின்னன். தேன்மெழுகு தடவி, குறட்டால் பிடித்து, உடம்பைச் சாய்த்து இழுக்கவேண்டும். சில துளை தாண்டினதும் கம்பி முறுகிப் போகும். சிரட்டைக்கரி நெருப்பில் காட்டிப் பதமாக்கி மறுபடி இழுப்பார். அந்த அச்சு அவருடைய தகப்பனுடையது. விலைக்குக் கேட்டேன். "நான் இருக்குமட்டும் இஞ்ச வந்து இழு" என்றார். அப்புறம், "கண்ணகி கோயில் வாசலில நகை விக்கிறாய், எனக்குத் தொழில் காட்டித் தந்தது ஒரு தட்டான் எண்டு அங்க சொல்லிப்போடாதை. எங்கட ஆள் ஒருத்தன் பாத்த வேலையை அம்மாள் இன்னும் மறந்திருக்கமாட்டா" என்று சிரித்தார்.

போன சனிக்கிழமை இழுத்து முடித்ததும் வெட்டுவதற்கு என் சிவப்பு நூல் கட்டரைக் கொடுத்தேன். ஒரு துண்டு வெட்டினார். முனையை உருப்பெருக்கியில் பார்த்தார். இன்னொரு துண்டு வெட்டினார். கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் லாச்சியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். "இது இஞ்ச இருக்கட்டும். நீ அந்தப் போன் கடைப் பெடியனிட்ட இன்னொண்டு வாங்கு."

நூல் கூட அவிழ்க்கவில்லை.